நீலகிரியிலிருந்து ஸ்னைஃபெல்ஸ்நெஸ்: எரிமலைத் தீபகற்பத்தில் ஒருநாள் சுற்றுலா போக என்னென்ன செய்ய வேண்டும்?

ஐஸ்லாந்தின் மேற்குக் கரையில் சுமார் 90 கிலோமீட்டர் கடலுக்குள் நீண்டு கிடக்கிறது ஸ்னைஃபெல்ஸ்நெஸ் தீபகற்பம். எரிமலைக் குழம்பு இறுகி உண்டான பாறையும் கறுப்பு மணலும் பாசியுமாக இருக்கும் நிலம். அதன் நுனியில் பனி மூடிய ஸ்னைஃபெல்ஸ்யோகுல் எரிமலை. உயரம் 1,446 மீட்டர். நம் தொட்டபெட்டாவில் பாதிக்குக் கொஞ்சம் மேல். ஆனால் கடல் மட்டத்திலிருந்தே எழுந்து நிற்பதால் பார்க்கும்போது அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். தலைநகர் ரெய்க்யவிக்கிலிருந்து காலையில் வழிகாட்டியோடு வேனில் கிளம்பினால் இரவுக்குள் திரும்பிவிடலாம்.

அந்தச் சுற்றுலாவை இணையத்தில் பதிவு செய்யப் பத்து நிமிடம் போதும். அதற்கு முன்னால் கோத்தகிரியில் உட்கார்ந்து சேர்க்க வேண்டிய காகிதங்கள்தான் எங்கள் உயிரை எடுத்துவிட்டன. இணையத்தில் கிடைத்த குறிப்புகள் எல்லாம் மாதச் சம்பளக்காரர்களுக்கானவை. தேயிலைத் தோட்டத்தை நம்பி இருக்கும் குடும்பம் எதைக் காட்டுவது என்று யாரும் சொல்லவில்லை. அப்பா அம்மாவை அழைத்துப் போகும்போது தட்டுத்தடுமாறித் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். உங்களுக்காவது அந்த அலைச்சல் மிச்சமாகட்டும்.

விலைகள் எல்லாம் தோராயமானவை. ஐஸ்லாந்தின் பணம் குரோனா. 100 குரோனாவுக்கு 65 முதல் 75 ரூபாய் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள்

மே கடைசியிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரை நல்ல காலம். ஜூனில் ஒரு நாளில் 21 மணி நேரம் வெளிச்சம் இருக்கும். டிசம்பரில் நான்கைந்து மணி நேரம்தான். பாதிச் சுற்றுலாவை இருட்டில் பார்ப்பீர்கள். குளிர்காலத்தில் புயல் காரணமாகச் சுற்றுலா ரத்தாவதும் அதிகம்.

நம் பக்கம் கொழுந்து குவிகிற மாதத்தில் தோட்டத்தை விட்டுவிட்டு வர பெரியவர்களுக்கு மனசு வராது. அதை இப்போதே பேசி முடித்துவிடுங்கள். டிக்கெட் போட்ட பிறகு தேதி மாற்றினால் பணம் போகும்.

தேதி முடிவானதும் நான்கு மாதம் பின்னோக்கி எண்ணி, அன்றைக்குக் காகித வேலையை ஆரம்பியுங்கள். ஐஸ்லாந்து போக ஷெங்கன் விசா வேண்டும்; ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா அது. அதற்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாளாவது முன்னால் கொடுத்திருக்க வேண்டும். முடிவு சொல்ல வழக்கமாக 15 நாள், கூடுதல் விசாரணை என்றால் 45 நாள் வரை ஆகும். கோடையில் விண்ணப்பம் கொடுக்க நாள் கிடைப்பதே பெரும்பாடு. இரண்டு மாதம் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

2. பாஸ்போர்ட்டை எடுத்துப் பாருங்கள்

ஐரோப்பாவிலிருந்து திரும்பும் தேதிக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும். கடந்த பத்து ஆண்டுக்குள் வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும். இரண்டு பக்கமாவது காலியாக இருக்க வேண்டும்.

புதிதாக எடுப்பதென்றால் நீலகிரிக்குக் கோயம்புத்தூர் மண்டல அலுவலகம். 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்கு 1,500 ரூபாய். தத்கால் என்றால் கூடுதலாக 2,000.

நம்மவர்களுக்கு வரும் பெரிய சிக்கல் இனிஷியல். ஆதாரில் முன்னால் இனிஷியல், வங்கியில் பின்னால் இனிஷியல், பட்டாவில் இனிஷியலோடு ஊர்ப் பெயர், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிவாக. நாலும் ஒரே ஆள்தான் என்று நமக்குத் தெரியும். கோப்பைப் பார்க்கும் அதிகாரிக்குத் தெரியாது. வங்கிக் கணக்கில் பாஸ்போர்ட்டில் இருப்பதுபோலப் பெயரை மாற்றச் சொல்லி முதல் வாரமே மனு கொடுத்துவிடுங்கள். பட்டாவை மாற்றிக்கொண்டிருக்க நேரம் போதாது. அதற்கு இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன்னிலையில் ஒரு பிரமாணப் பத்திரம் எழுதி வையுங்கள். விமான டிக்கெட், காப்பீடு, சுற்றுலாப் பதிவு எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்து அப்படியே இருக்கட்டும்.

3. தேயிலை வருமானத்தைக் காகிதத்தில் காட்டுவது

இந்த இடத்தில்தான் நம் பக்கத்துக் குடும்பங்கள் தடுமாறுகின்றன. பச்சைக் கொழுந்தைப் பறித்து ஃபேக்டரிக்குப் போடுகிறவர்களுக்கு அது முழுக்க விவசாய வருமானம். மத்திய வருமான வரி கிடையாது. அதனால் பலர் ரிட்டர்ன் தாக்கல் செய்வதே இல்லை. விசா கோப்பிலோ வருமான வரி ரிட்டர்ன் கேட்பார்கள். வரியே இல்லாவிட்டாலும் விவசாய வருமானத்தைக் குறிப்பிட்டு ரிட்டர்ன் போடலாம். அடுத்த ஆண்டு போகிற எண்ணம் இருந்தால் இந்த ஆண்டே ஜூலை 31-க்குள் ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள். கோப்பில் இதற்கு உள்ள மதிப்பு வேறு எதற்கும் இல்லை.

அதோடு சேர்க்க வேண்டியவை:

ஃபேக்டரி கொடுக்கும் மாதச் சீட்டு, ஓராண்டுக்கு. தொலைந்திருந்தால் ஃபேக்டரி அலுவலகத்தில் கேட்டால் மொத்தமாக லெட்டர்ஹெட்டில் எழுதி முத்திரை வைத்துத் தருவார்கள். அது ஆங்கிலத்தில் இருந்தால் மொழிபெயர்ப்புச் செலவு மிச்சம்.

பட்டா, சிட்டா நகல். இணையத்திலேயே எடுக்கலாம். ஆங்கில மொழிபெயர்ப்பும் நோட்டரி கையெழுத்தும் வேண்டும். நிலம் இன்னும் தாத்தா பெயரில் கூட்டுப் பட்டாவாக இருந்தால் வாரிசுச் சான்றையும் சேர்த்து, யாருக்கு எவ்வளவு என்று ஒரு பத்தி எழுதி வையுங்கள்.

தேயிலை வாரியம் சிறு விவசாயிகளுக்குக் கொடுத்த அடையாள அட்டை இருந்தால் அதன் நகல்.

வங்கிக் கணக்கு அறிக்கை, ஆறு மாதத்துக்கு, வங்கி முத்திரையோடு. வீட்டில் பிரிண்ட் எடுத்தது போதாது.

செலவை மகனோ மகளோ ஏற்பதாக இருந்தால் அவர் கையெழுத்திட்ட கடிதம், அவருடைய சம்பளச் சீட்டு, வங்கி அறிக்கை, உறவை நிரூபிக்கப் பிறப்புச் சான்றிதழ்.

ஒரு ஏஜென்ட் எங்களிடம், விண்ணப்பிப்பதற்கு முந்தின வாரம் யாரிடமாவது வாங்கி இரண்டு லட்சத்தைக் கணக்கில் போட்டுவிடுங்கள், போதும் என்றார். அதைச் செய்யாதீர்கள். எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாத பெரிய தொகை திடீரென்று வந்து உட்கார்ந்தால் மொத்தக் கோப்பின் மேலும் சந்தேகம் விழும். மாதா மாதம் ஃபேக்டரியிலிருந்து வந்த சின்னத் தொகைகள் அதைவிட நம்பிக்கை தரும்.

எங்களுக்குக் கை கொடுத்தது ஒரு பென்சில். ஃபேக்டரிச் சீட்டில் பிடித்தம் போக நின்ற தொகையையும், வங்கி அறிக்கையில் அதே தொகை வரவான வரியையும் வட்டமிட்டு, இரண்டுக்கும் ஒரே எண் போட்டிருந்தோம். விசா விண்ணப்ப மையக் கவுண்டரில் இருந்த பெண் சீட்டைத் திருப்பித் திருப்பி, கிலோ, விலை, உரத்துக்குப் பிடித்தது என்று ஒவ்வொரு பத்தியாக விரலை ஓட்டிவிட்டு, இந்தப் பணம் எங்கே என்று கேட்டார். எண்ணைக் காட்டினோம். அடுத்த காகிதத்துக்குப் போய்விட்டார்.

4. விசா

ஐஸ்லாந்து ஷெங்கன் பகுதியில் இருக்கிறது. எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டு விசாவுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். "வேறொரு நாட்டுக்கு அப்பாயின்ட்மென்ட் சீக்கிரம் கிடைக்கிறது, அதில் போட்டுவிட்டு ஐஸ்லாந்து போகலாம்" என்று சொல்பவர்களிடமிருந்து தள்ளியே இருங்கள். விமானம் இறங்கும் இடத்தில் தங்கும் விடுதிப் பதிவைக் கேட்டால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 12 வயதுக்குள் 45 யூரோ, ஆறு வயதுக்குக் கீழ் இல்லை. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. விசா மறுக்கப்பட்டாலும் இந்தப் பணம் திரும்ப வராது.

பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவுக்கு இருக்க வேண்டும், தங்கும் நாள் முழுவதற்கும் செல்லுபடியாக வேண்டும். அறுபது தாண்டியவர்களுக்குப் பிரீமியம் கூடும். சர்க்கரை, ரத்த அழுத்தம் இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். மறைத்தால் தேவைப்படும்போது காப்பீடு கைவிரித்துவிடும்.

கைரேகை கொடுக்க, 12 வயது நிரம்பிய ஒவ்வொருவரும் விண்ணப்ப மையத்துக்கு நேரில் போக வேண்டும். சென்னை என்றால் மேட்டுப்பாளையத்தில் இரவு நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் விடிகாலையில் சென்ட்ரல். காலை ஒன்பது மணிக்கு நாள் வாங்காதீர்கள். ரயில் தாமதமானால் எல்லாம் போச்சு. பதினொன்றுக்கு மேல் வாங்குங்கள். பெங்களூர் கிடைத்தால் கூடலூர் வழியாக இரவில் காரில் போய்விடலாம் என்று நினைக்காதீர்கள். பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். மழைக்காலமாக இருந்தால் ஒரு நாள் முன்னாலேயே மலையை விட்டு இறங்கிவிடுங்கள். குன்னூர் மலைப்பாதையில் எப்போது மண் சரியும் என்று நமக்கே தெரியாது.

விமானத்தில் ஒரு பொறி இருக்கிறது. இந்தியாவிலிருந்து ஐஸ்லாந்துக்கு நேர் விமானம் இல்லை, எங்காவது மாற வேண்டும். மலிவு டிக்கெட் சில லண்டன் வழியாகப் போகும். அங்கே விமானம் மாறவே இந்தியர்களுக்குத் தனி டிரான்சிட் விசா வேண்டியிருக்கும். ஷெங்கன் விசா அதற்கு ஈடாகாது. ஃபிராங்ஃபர்ட், கோபன்ஹேகன், ஆம்ஸ்டர்டாம் போன்ற ஷெங்கன் நகரம் வழியாக எடுங்கள். முதலில் இறங்கும் ஷெங்கன் நகரத்தில்தான் குடியேற்றச் சோதனை. 2025 அக்டோபரிலிருந்து அங்கே முகப் படமும் கைரேகையும் பதிவு செய்கிறார்கள், வரிசை நீளும். குறைந்தது மூன்று மணி நேர இடைவெளி விட்டு டிக்கெட் போடுங்கள். விசா கைக்கு வரும்வரை ரத்து செய்யக்கூடிய பதிவுகளே போதும்.

5. சுற்றுலாவைப் பதிவு செய்தல்

பெயரைக் கவனமாகப் படியுங்கள். ஸ்னைஃபெல்ஸ்நெஸ் வேறு, ரெய்க்யனெஸ் வேறு. ரெய்க்யனெஸ் விமான நிலையம் இருக்கும் தெற்குத் தீபகற்பம்; 2021-லிருந்து செய்தியில் வரும் எரிமலை வெடிப்புகள் எல்லாம் அந்தப் பக்கம்தான். அங்கே அரைநாள் சுற்றுலாக்கள் மலிவாக இருப்பதால் பலர் மாற்றிப் பதிவு செய்துவிடுகிறார்கள். டிவியில் நெருப்பைப் பார்த்துவிட்டு ஊரிலிருந்து போன் மேல் போன் வரும். ஸ்னைஃபெல்ஸ்யோகுல் கடைசியாக வெடித்து 1,800 ஆண்டுகள் ஆகிவிட்டன என்று சொல்லி வையுங்கள்.

கட்டணம் ஒருவருக்கு 16,000 முதல் 25,000 குரோனா வரை. பெரிய பஸ் மலிவு. 19 பேருக்குள் போகும் வேன் கொஞ்சம் கூடுதல். பெரியவர்களோடு போனால் வேனையே எடுங்கள். ஐம்பது பேர் ஏறி இறங்குவதற்குள் ஒவ்வொரு இடத்திலும் கால் மணி நேரம் போய்விடும், கழிப்பறையில் வரிசை வேறு. மதியச் சாப்பாடு பெரும்பாலும் கட்டணத்தில் சேராது. வாட்ன்ஸ்ஹெட்லிர் குகை சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். எரிமலைக் குழம்பு ஓடிய பாதை அது; சுழல் படிக்கட்டில் சுமார் 35 மீட்டர் ஆழம் இறங்க வேண்டும். முட்டி வலி உள்ளவர்களுக்குச் சரிவராது.

இனி நான் சொல்வதை மட்டும் மறக்காதீர்கள்: இந்தச் சுற்றுலாவை ஐஸ்லாந்தின் கடைசி நாளில் வைக்காதீர்கள். வந்து இறங்கிய மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ வையுங்கள். காற்று பலமானால் நிறுவனமே ரத்து செய்துவிடும். பணத்தைத் திருப்பித் தரும், அல்லது வேறு நாள் தரும். வேறு நாள் உங்கள் கையில் இருந்தால்தானே போக முடியும்? அவ்வளவு தூரம் போய், அவ்வளவு செலவு செய்து, பணம் மட்டும் திரும்பி வந்தால் என்ன பிரயோஜனம்? நீங்களாக ரத்து செய்வதென்றால் பெரும்பாலான நிறுவனங்களில் 24 மணி நேரத்துக்கு முன்னால் சொல்ல வேண்டும்.

பணம் கட்டும் முன் வங்கிச் செயலியில் கார்டுக்கு வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்து வையுங்கள். குரோனா நோட்டு தேடி அலைய வேண்டாம், ஐஸ்லாந்தில் டீக்கடை வரைக்கும் கார்டுதான்.

6. உடையும் சாப்பாடும்

ஊட்டிக் குளிர் பழகியவர்களுக்கு ஐஸ்லாந்துக் கோடை ஒன்றுமில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். வெப்பநிலையைப் பார்த்தால் சரிதான், கோடையில் 10 டிகிரியை ஒட்டி இருக்கும். ஆனால் நம் ஸ்வெட்டரும் மப்ளரும் காற்றில்லாத குளிருக்கானவை. அங்கே கடல் காற்று கம்பளியின் ஒவ்வொரு கண்ணிலும் நுழையும். ஸ்வெட்டருக்கு மேல் காற்றும் நீரும் புகாத ஜாக்கெட் கட்டாயம், முடிந்தால் அதே மாதிரி பேன்ட். குடை வேண்டாம், விரித்த நிமிடமே மடங்கிவிடும். சேலைதான் கட்டுவேன் என்ற அம்மாவைத் தெர்மல் பேன்டும் ஜாக்கெட்டும் போட வைப்பதற்குள் எங்களுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. கடலோரத்தில் இறங்கியதும் அவரே ஜாக்கெட்டின் தலைமூடிக் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டார். காலணி வழுக்காத அடிப்பாகத்தோடு இருக்கட்டும்.

இறைச்சியும் பால் பொருளும் பெட்டியில் வேண்டாம். ஐரோப்பாவுக்குள் அனுமதி இல்லை. பால்கோவாவை வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். சுற்றுலா நாளுக்கு முந்தின மாலை ரெய்க்யவிக்கில் போனுஸ் அல்லது க்ரோனன் கடையில் ரொட்டி, வாழைப்பழம், ஸ்கைர் என்ற கெட்டித் தயிர் வாங்கி வையுங்கள். வழியில் ஒரு மீன் சூப் 3,000 குரோனாவை ஒட்டி வரும். சைவம் என்றால் வழியில் தேர்வு குறைவு. தண்ணீர் வாங்காதீர்கள், குழாய்த் தண்ணீரே அருமையாக இருக்கும். பிளாஸ்டிக் பாட்டில் தடைக்குப் பழகிய நமக்கு எவர்சில்வர் பாட்டில் ஏற்கெனவே கையில் இருக்கும். சுடுதண்ணீரில் மட்டும் கந்தக வாடை வரும், பயப்பட வேண்டாம். குடிக்கப் பச்சைத் தண்ணீரையே பிடியுங்கள்.

7. காலையில் எங்கே நிற்பது

ரெய்க்யவிக்கின் நடுப்பகுதியில் சுற்றுலா வண்டிகள் விடுதி வாசலுக்கு வராது. எண் போட்ட நிறுத்தங்கள் இருக்கின்றன. உங்களுக்கு எந்த எண் என்று பதிவுச் சீட்டில் இருக்கும். முந்தின மாலையே நடந்து போய்ப் பார்த்துவிடுங்கள். சொன்ன நேரத்துக்கு அங்கே நில்லுங்கள். வண்டி ஒவ்வொரு நிறுத்தமாக ஆள் ஏற்றிக்கொண்டு வர அரை மணி நேரம் வரை ஆகலாம். வரவில்லையே என்று விடுதிக்குத் திரும்பிப் போகிறவர்கள்தான் வண்டியைத் தவறவிடுகிறார்கள். முந்தின இரவு ஐஸ்லாந்து வானிலை மையத்தின் எச்சரிக்கை நிறத்தையும் பாருங்கள். ஆரஞ்சு, சிவப்பு என்றால் மின்னஞ்சலைத் திறந்து பாருங்கள், ரத்துச் செய்தி வந்திருக்கலாம்.

8. தீபகற்பத்தில்

முதலில் ஹ்வால்ஃப்யோர்துர் கடலடிச் சுரங்கப் பாதை, கிட்டத்தட்ட ஆறு கிலோமீட்டர். அப்புறம் போர்கார்னெஸ் ஊரில் நிறுத்துவார்கள். தேவை இருக்கோ இல்லையோ அங்கே கழிப்பறைக்குப் போய்விடுங்கள். அடுத்தது வரத் தாமதமாகும்.

இட்ரி டுங்கா கடற்கரையில் கடல்நாய்கள் பாறை மேல் படுத்திருக்கும். கிட்டப் போகக்கூடாது, வழிகாட்டி காட்டும் இடத்திலிருந்தே பார்க்கலாம். அர்னார்ஸ்டாபியில் கடல் குடைந்த பாறை வளைவு. அங்கிருந்து ஹெல்நார் வரை இரண்டரை கிலோமீட்டர் நடை; முடியாதவர்கள் வளைவு வரை போய்த் திரும்பினாலே நிறைவாக இருக்கும். ஜூன், ஜூலையில் ஆலாப் பறவைகள் கூடு கட்டியிருக்கும். தலையைக் கொத்த வரும். தொப்பி போட்டு, கையில் இருக்கும் எதையாவது தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தால் அதைத்தான் கொத்தும்.

த்யூபலோன்சாந்துர் கறுப்புக் கூழாங்கல் கரையில் அதிக நேரம் நில்லுங்கள், அதிகக் கவனமாகவும் நில்லுங்கள். அலை சட்டென்று உயர்ந்து வரும், இழுப்பு பலமாக இருக்கும். கடலுக்கு முதுகு காட்டிப் படம் எடுக்க வேண்டாம், கால் நனைக்கவும் வேண்டாம். அங்கே நம் ஊர் இளவட்டக்கல் போல நான்கு கற்கள் கிடக்கின்றன: 23, 54, 100, 154 கிலோ. படகில் வேலைக்குச் சேர வந்தவனின் பலத்தைப் பார்க்க வைத்தவை. 54-ஐத் தூக்க முடியாதவனுக்குப் படகில் இடமில்லை. உங்கள் பையன் கட்டாயம் தூக்கிப் பார்ப்பான். இடுப்பை வளைக்காமல் முட்டியை மடக்கச் சொல்லுங்கள். கரையில் சிதறிக் கிடக்கும் துருப்பிடித்த இரும்பு, 1948-ல் உடைந்த மீன்பிடிக் கப்பலுடையது. தொடாதீர்கள். பளபளப்பாக இருக்கிறதே என்று கூழாங்கல்லைப் பையில் போடுவதும் தடை. பாசி மேல் கால் வைக்காதீர்கள், ஒரு மிதி ஆறப் பல ஆண்டுகள் ஆகும். இந்தக் கரை ஒரு தேசியப் பூங்காவில் இருக்கிறது; அதற்குள் அனுமதி இல்லாமல் டிரோன் பறக்கவிடக்கூடாது.

கடைசியாக கிர்க்யுஃபெல், 463 மீட்டர் உயரக் கூம்பு மலை, எதிரில் அருவி. எல்லாப் படங்களிலும் நீங்கள் பார்த்தது இதுதான். ஏறலாமா என்று கேட்காதீர்கள். சரிவில் விழுந்து உயிர் போயிருக்கிறது, ஒருநாள் சுற்றுலாவில் அதற்கு இடமும் இல்லை. இங்கே வந்து சேரும்போது எல்லோரும் களைத்திருப்பார்கள். ஆனாலும் பெரியவர்களை இறக்கிவிடுங்கள்; அருவிக்குப் போகும் பாதை குறுகியதுதான்.

9. திரும்பியதும்

பதினொன்று, பன்னிரண்டு மணி நேரம் கழித்து, பெரும்பாலும் ஏறிய அதே நிறுத்தத்தில் இறக்கிவிடுவார்கள். டிப்ஸ் கொடுக்கும் வழக்கம் ஐஸ்லாந்தில் இல்லை, நன்றி போதும். வெளியே வெளிச்சம் இருக்கிறதே என்று சாவகாசமாக நடந்தால் கடைகள் மூடியிருக்கும். இரவுச் சாப்பாட்டை முந்தின நாளே வாங்கி விடுதி ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். வண்டியில் கையுறையோ கண்ணாடியோ விட்டுவிட்டால் அன்றிரவே பதிவு எண்ணைக் குறிப்பிட்டு நிறுவனத்துக்கு மின்னஞ்சல் போடுங்கள். சுற்றுலா ரத்தானால் வேறு நாள் கேட்கவும் அதே எண்தான் வேண்டும், ஆகையால் பதிவுச் சீட்டை ஊர் வந்து சேரும்வரை அழிக்காதீர்கள்.